துண்டுக்குள் ஒரு மட்டவான்

இந்நேரம் மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியிருப்பார்கள். காரோ வேனோ ஏதோ ஒன்று தெருமுனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போயிருக்கும். சண்முகக்கனி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டிருப்பாள். அவள் தம்பி ஆழ்வார் வேட்டியை ஒரு தடவை மடித்துக் கட்டி, உடனே அவிழ்த்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பான். பல்லைக் காட்டுகிறவனைக் கொண்டுபோய்ச் சம்பந்தம் பேச உட்கார வைத்தால் விளங்குமா? கேட்டதற்கெல்லாம் சரி என்பான். கேட்காததற்கும் சரி என்பான். உச்சிமாகாளி தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து முறைத்தார். பழையகாயலுக்குக் கிழக்கே, கடலில் சேருவதற்கு முன்னால் ஆறு அகண்டு சோம்பிக் கிடக்கிற இடம். இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் அலையாத்திப் புதர், நடுவில் இடிந்துபோன படகுத்துறையின் கல். ஞாயிறுதோறும் அவர் உட்காருகிற கல்தான். ஆனால் மற்ற ஞாயிறுகளில் அவராக வந்து உட்காருவார். இன்றைக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நாளில், பெற்ற தகப்பன் கையில் தூண்டிலையும் இறால் டப்பாவையும் கொடுத்து, போயிட்டு வாங்க என்று அனுப்பிவைத்திருக்கிறார்கள். நினைத்தால் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. ஏறுகிறதா? ஏற வேண்டும். காற்று வேறு இப்படி வீசித் தொலைக்கிறது, உப்பும் சேறும் கலந்த வாடையோடு. வெயிலும் முதுகைச் சுடாமல் தடவிக்கொடுக்கிறது. கோபம் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது.

பெண்டாட்டி சண்முகக்கனி சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பார். சொன்னது மகள் காந்திமதி. காலையில் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே நேராகக் கண்ணைப் பார்த்து, "எப்பா, எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. நீங்க இன்னைக்கு மீன் பிடிக்கப் போங்க" என்றாள். இரண்டே பேச்சு. நடுவில் ஒரு 'அதனால' கூடக் கிடையாது. "நாங்களே போன் பண்ணுவோம். நீங்க பண்ணக் கூடாது. அதுக்கு முந்தி வரவும் கூடாது." ஏன், நான் என்ன கடிச்சா வச்சிருவேன் என்று கேட்டதற்கு, "பேசுவீங்கப்பா" என்றாள். பேசுவார்தான். பேசித்தானே இந்த வீடு. பேசித்தானே அவள் படித்த படிப்பு, தபாலாபீசில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மீசை முளைப்பதற்கு முன்னால் ஆட்டுச் சந்தையில் தழைக்கட்டு சுமக்கப் போய், ஆட்டு வியாபாரி ஆனவர் உச்சிமாகாளி. அங்கே அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏமாற்றினார்கள், அடித்தார்கள். ஒரு தடவை குட்டிபோடப் போகிற ஆடு என்று சொல்லி வெறும் வயிறு வீங்கிய ஆட்டைத் தலையில் கட்டினார்கள். அந்த ஆடு அன்று ராத்திரியே செத்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான், இனி எவன் கையிலும் ஏமாறுவதில்லை என்று பல்லைக் கடித்தார். கடித்த பல் அப்படியே இருந்துவிட்டது. இன்றைக்கும் தாடை வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்றுதான் டாக்டர் கேட்கிறார். ராத்திரி மட்டுமா? இப்போது கூடத்தான். இப்போது ஆழ்வார் என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? மண்டபம் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நம்ம பொறுப்புதான் என்று சொல்லிவிடுவான், முட்டாப்பயல். யாருடைய ஊர் மண்டபம் என்றாவது கேட்க வேண்டாமா?

தூண்டிலில் ஏதோ கொறித்தது. நண்டாக இருக்கும். இழுத்துப் பார்த்தால் வெறும் முள். இறாலைத் தின்றுவிட்டு ஓட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தது, களவாணி நண்டு. "அண்ணாச்சி, நண்டுக்குச் சோறு போடத்தான் அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரீரா?" என்று பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த கஸ்பார் சிரித்தான். கஸ்பார் வள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன். முட்டி தேய்ந்து கடலை விட்டவன், தண்ணீரை விட முடியாமல் இங்கே வந்து உட்காருகிறான். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதம். "உம்ம வேலையைப் பாரும்வே" என்றார் உச்சிமாகாளி. "எனக்கு வேலை இருக்கு. உமக்குத்தான் இன்னைக்கு வீட்டுல வேலை இல்லைன்னுட்டாங்க." சொன்னது தப்பாகப் போயிற்று. வந்ததும் வராததுமாக வயிற்றெரிச்சலில் எல்லாவற்றையும் இவனிடம் கொட்டியிருக்கக் கூடாது. பதிலுக்கு ஒன்று கொடுக்க வாயைத் திறந்தார். கொடுக்கவில்லை. அவன் சொன்னதும் உள்ளதுதானே. புது இறாலை முள்ளில் கோத்து, நுனி வெளியே தெரியாமல் வாலுக்குள் மறைத்து, கல்லுக்கும் புதருக்கும் நடுவே நீர் கறுத்திருக்கிற இடத்தில் வீசினார். நரம்பு காற்றில் மினுங்கிப் போய் விழுந்தது. விழுந்த வட்டம் பெரிதாகிப் பெரிதாகிக் காணாமல் போயிற்று. எவ்வளவு நேரமானாலும் பார்க்கலாம்.

அந்தத் துண்டு விஷயம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால். நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை விலக்கினாலும் ஈ மாதிரி திரும்பத் திரும்ப அதிலேயே வந்து உட்காருகிறது புத்தி. சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் கிடையாது. சொன்னால் சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரிந்துவிடும். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, விற்கிறவன் கையையும் தன் கையையும் சேர்த்து மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. எதிராளி உதறினால் ஒத்துவரவில்லை. மேலே முகம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது துண்டின் அசைவு மட்டும்தான். காந்திமதிக்கு முதன்முதலில் வந்த சம்பந்தத்தில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சமுக்காளத்தில் உட்கார்ந்து, நகை என்ன போடுவீங்க என்று பையனுடைய அப்பா கேட்டார். கேட்டாரா, அவ்வளவுதான். உச்சிமாகாளிக்குத் தன் கை போனது தெரியவே தெரியாது. தோளிலிருந்த துண்டு பையனுடைய அப்பா கைமேல் விழுந்தது. உள்ளே போன கை அந்த மனுஷனின் விரலை எண்ணிப் பிடித்துவிட்டது. வாய் வேறு, இந்த வருஷம் கோடை மழை ஏமாத்திட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அவர். பாம்பு கடித்த மாதிரி கையை உருவிக்கொண்டு எழுந்தார். "என்னய்யா இது? எம் பிள்ளை என்ன கிடாயா?" வாசல்வரை போய்த் திரும்பி, "பல்லையும் பிடிச்சுப் பாத்துக்கிடச் சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊர் முழுக்கச் சிரித்தது. இரண்டாவது சம்பந்தம் பந்தல்காரன் கூலியில் முறிந்தது. அதில் தன் பக்கம் நியாயம் இருந்தது என்று உச்சிமாகாளி இன்னும் நம்புகிறார். ஆனால் அன்றைக்குச் சமையற்கட்டு வாசலில் நின்று காந்திமதி பார்த்த பார்வை. அழவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே பார்த்தாள். வாங்க வந்தவன் போய்விட்ட பிறகு கட்டுத்தறியில் தனியாக நிற்கிற ஆட்டை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஒருநாளும் நின்று அதன் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது மூன்றாவது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன். எனக்குப் பிடிச்சிருக்கு என்று அவள் வாய்விட்டுச் சொன்னது இவனைத்தான். இதுவும் முறிந்தால் அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க முடியாது. அதனால்தான் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பயத்தில்தான் வந்தார், யாரிடமும் சொல்லமாட்டார்.

தொட்டது. நண்டு இல்லை. நண்டு சுரண்டும், இது தொட்டது. விரல் நுனியை வைத்து எடுத்த மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. உச்சிமாகாளியின் உடம்பில் எல்லாம் நின்று, விரல் மட்டும் விழித்துக்கொண்டது. மறுபடி தொட்டது, கொஞ்சம் அழுத்தி. விட்டது. அடடா, இது பேசத் தெரிந்த கை. கீழே இருட்டுத் தண்ணீருக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, முகத்தைக் காட்டாமல், உன் விலை என்ன என்று விரலைத் தொட்டுக் கேட்கிறார்கள். அவசரப்பட்டு இழுக்கிறவன் தோற்றான். நரம்பை அரை விரற்கடை தளர்த்தினார், வேண்டாமென்றால் போ என்கிற மாதிரி. போகவில்லை. இழுத்தது. இழுத்த இழுப்பில் விரலில் இருந்த சுற்று இறுகித் தோலை அறுத்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, விட்டுக்குடும், விட்டுக்குடும்!" என்று கஸ்பார் கத்தினான். விட்டுக்கொடுப்பதா? அந்தச் சொல்லையே இந்த வாழ்நாளில் யாரும் இவரிடம் சொல்லி ஜெயித்ததில்லை. ஆனால் கை அவன் பேச்சைக் கேட்டது. ஓடுகிறபோது விட்டது, நிற்கிறபோது சுருட்டியது, புதர் வேரைப் பார்த்துப் பாய்ந்தபோது பக்கவாட்டில் நடந்து திருப்பியது. முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். வேட்டி நனைந்தது, செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. நினைப்பிலிருந்து ஆழ்வார் போனான், மண்டபம் போயிற்று, பந்தல்காரன் போனான். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் தண்ணீருக்கு அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் சரிந்து திரும்பினாற்போல் மினுங்கிற்று.

"ஏசுவே, மட்டவான்வே!" என்றான் கஸ்பார். கறுப்பு மட்டவான் இந்த ஆற்றில் கையகலத்துக்குக் கிடைக்கும், மிஞ்சினால் சாப்பாட்டுத் தட்டளவு. இது அதைப்போல் இரண்டு பங்கு. தோளில் இருந்த துண்டைத் தண்ணீரில் முக்கி, முதுகு முள் கிழித்துவிடாமல் சுற்றிப் பிடித்துத் தூக்கினார். பிறந்த பிள்ளையைத் தூக்கினது போலக் கனம். முதுகு கரிச்சட்டி நிறம், வயிற்றுப் பக்கம் வெள்ளி, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் துடைத்துவைத்த மாதிரி. மேலுதட்டில் லேசாகத்தான் முள் ஏறியிருந்தது. திருகினார், வந்துவிட்டது. வாயைத் திறந்து மூடியது. உள்ளே சிப்பியை உடைக்கிற கடவாய்ப்பற்கள், மனுஷப் பல் மாதிரியே. இதுவும் ராத்திரியில் கடிக்குமோ என்னவோ. முட்டியைத் தாங்கித் தாங்கி வந்த கஸ்பார், தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நான் பிறந்து இங்க இவ்வளவு பெரிசு பாக்கல அண்ணாச்சி. சும்மாவா சொன்னாங்க, மகளுக்கு நல்ல நேரம் வந்தா தகப்பனுக்கும் வரும்னு. நேரா வீட்டுக்குப் போவும். சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்கல்லா? நடுவீட்டுல கொண்டுபோய்ப் போடும் இதை. வாயைத் திறக்க மாட்டாங்க. பொண்ணோட தகப்பன் கெத்து என்னன்னு தெரிஞ்சுபோவும்." அதைக் கேட்டபோது உச்சிமாகாளியின் நெஞ்சுக்குள் விளக்குப் போட்டாற்போல் இருந்தது. ஆமாம். வரக் கூடாது என்று காந்திமதி சொன்னது உள்ளதுதான். ஆனால் இப்படி ஒரு மீன் கிடைத்தால் யார் வராமல் இருப்பார்கள்? அவளே புரிந்துகொள்வாள். உள்ளே போகலாம், மீனைக் காட்டலாம், எல்லாரும் ஆ என்பார்கள், ஆழ்வார் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பான், பிறகு சும்மா ஒரு பேச்சுக்கு, மண்டபம் எந்த ஊர்ல பேசியிருக்கீங்க என்று ஒரே ஒரு வார்த்தை.

வண்டி அருகே வந்துவிட்டார். ஒற்றைச் செருப்பில் விந்தி விந்தி, துண்டோடு மீனை மார்போடு அணைத்துக்கொண்டு. சாவி இடுப்பு மடிப்பில் இருந்தது. எடுக்க இடது கையை விட்டு, வலது கை மட்டும் ஈரத்துண்டுக்குள், மீனின் செவுள் ஓரத்தில். அப்போதுதான் தெரிந்தது, கை பிடித்திருக்கிற விதம். துண்டுக்குள் கை. சாகிற வரைக்கும் இந்தக் கைக்கு இது ஒன்றுதான் தெரியுமா? உள்ளே செவுள் மூடித் திறந்தது, அவர் விரல்மேல் பட்டுப் பட்டு. அவர் தன்னையறியாமல் கணக்குப் பார்த்தார். ஒன்று. இரண்டு. உதறுகிறதா, ஒத்துக்கொள்கிறதா? ஒன்றுமில்லை. அது எந்த விலையும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் துண்டுக்குள் எத்தனை கையைப் பிடித்திருக்கிறார். எல்லாக் கையும் ஒரு பொய்யை வைத்திருக்கும், இவர் கையும்தான். பொய் இல்லாத ஒன்றை இதுவரை துண்டுக்குள் பிடித்ததில்லை. மண்டபத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தையாம். எவனிடம் கதை விடுகிறாய் உச்சிமாகாளி? அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வரும் என்று உனக்குத் தெரியாதா? துண்டு எங்கே போய் விழும் என்று தெரியாதா? இந்த மீன் கையில் இருந்தால் கால் வீட்டுக்குத்தான் போகும். காலைத் தடுக்கத் தெரியாது, வாயைத் தடுக்கத் தெரியாது, இந்த ஐம்பத்தைந்து வயதில் இனிமேலா படிக்கப் போகிறார். மீனை விடலாம். மீனை விடுகிற அளவுக்குத்தான் இந்தக் கையால் முடியும். அதுவும் இப்போது. இன்னும் கொஞ்சம் யோசித்தால் முடியாது.

திரும்பி வந்த வேகத்தைப் பார்த்து, சாவியை விட்டுட்டீரா என்றான் கஸ்பார். பதில் சொல்லாமல் தண்ணீருக்குள் இறங்கித் துண்டை விரித்தார். மீன் ஒருக்களித்து மிதந்தது. அடிவயிறு மேலே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆட்டின் வயிறு. போயிற்றா, எல்லாம் பேசிப்பேசித் தாமதமாகப் போயிற்றா? வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தார். நீரோட்டத்துக்கு எதிரே வாயைக் காட்டி, மெல்ல முன்னும் பின்னும். "யோவ் அண்ணாச்சி, என்னவே செய்யுதீரு? பைத்தியமா உமக்கு? வேண்டாம்னா எனக்குத் தாரும்! விலை சொல்லும், இந்தா, சொல்லும்வே!" விலை என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கு தானாக மேலண்ணத்தில் போய் ஒட்டியது, ஓர் எண்ணைச் சொல்ல. பல்லால் பிடித்து நிறுத்தினார். "விலை கிடையாது" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லுகிறார், சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது. உள்ளங்கையில் மீன் சிலிர்த்தது. வால் ஒரு பக்கம் அசைந்து, யோசித்து, மறுபக்கம் அசைந்தது. பிடித்து வைத்திருக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கை வெறுமனே விரிந்து இருந்தது. கனம் இருந்தது, இருந்தது, பிறகு இல்லை. கறுத்த தண்ணீரில் ஒரு கறுப்பு போயிற்று. முகத்தில் தண்ணீர் தெறித்தது, உப்பாக.

கஸ்பார் நெடுநேரம் ஏசினான். ஊரில் சொன்னால் என்னைத்தான் குடிகாரன் என்பார்கள், சாட்சிக்கு ஒரு செதிலாவது எடுத்து வைத்தீரா, இனிமே என் பக்கத்தில் உட்காராதேயும் என்றான். பிறகு தன் பையைத் திறந்து இரண்டு பணியாரம் எடுத்து நீட்டினான். உச்சிமாகாளி வாங்கித் தின்றார். ஈரவேட்டி காலில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. தூண்டிலை மறுபடி போடவில்லை. போட வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆழ்வார் சரி என்று சொல்லிக்கொண்டிருப்பான். சொல்லட்டும். மண்டபம் நம்ம பொறுப்பு என்பான். இருக்கட்டும், யாராவது ஒருத்தர் பொறுப்பாகத்தானே இருக்க வேண்டும். பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தார். போகவில்லை, ஒரு மூலையில் இருக்கிறது. அதுபாட்டுக்கு இருக்கிறது, இவர்பாட்டுக்குப் பணியாரம் தின்கிறார். தாடையை அசைத்துப் பார்த்தார். இனிப்பு நன்றாக இருந்தது.

போன் அடித்தபோது அவசரமாக எடுக்கப் போய், தண்ணீரில் போடப் பார்த்தார். காந்திமதிதான். "எப்பா, முடிஞ்சிட்டுப்பா." குரலிலேயே எல்லாம் தெரிந்தது. என்ன பேசினார்கள், நகை என்ன, மண்டபம் எங்கே, நாள் எது, ஆழ்வார் எதை எதைத் தலையில் ஏற்றிக்கொண்டான்? எல்லாக் கேள்வியும் வரிசையாக வந்து நின்றது. "சரிம்மா" என்றார். "சரியா? என்ன பேசுனாங்கன்னு கேக்க மாட்டீங்களா?" "நீ சொல்லும்போது கேட்டுக்கிடுதேன்." அந்தப் பக்கம் அவள் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மீன் ஏதும் பட்டுச்சாப்பா?" என்றாள். "பட்டுச்சு. பெரிய மட்டவான், இவ்வளவு பெரிசு" என்று போனுக்குத் தெரியாத அகலத்தைக் கையை விரித்துக் காட்டினார். "விட்டுட்டேன்." "எம்மா, அப்பா பெரிய மீனை விட்டுட்டாங்களாம்." பின்னாலிருந்து சண்முகக்கனியின் குரல்: "யாரு, உங்கப்பனா? நரம்பை அறுத்துக்கிட்டுப் போயிருக்கும், நல்லாக் கேளு." "எப்பா, அறுத்துட்டுப் போச்சா, நீங்களா விட்டீங்களா?"

"நானாத்தாம்மா விட்டேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வீட்டைப் பார்த்துச் சொன்னாள், அவருக்குத் தெளிவாகக் கேட்டது: "அவங்களா விட்டாங்களாம்மா." வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். சண்முகக்கனியின் சிரிப்பு, ஆழ்வாரின் சிரிப்பு, நடுவில் இதுவரை கேட்டிராத ஒரு கனத்த ஆண்குரல், அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாத சிரிப்பு. "சீக்கிரம் வாங்கப்பா. மாமா இன்னும் இலையில உக்கார மாட்டேங்காங்க, நீங்க வந்தாத்தானாம்" என்றாள் காந்திமதி. மாமா என்று யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி விளங்கவில்லை. மாப்பிள்ளையுடைய அப்பாவைத்தான் என்று விளங்கியதும், கஸ்பாரிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, ஒற்றைச் செருப்போடு வண்டியை உதைத்தார்.